கொலுசுப் பட்டறையில் நெருப்பின் சேதாரம்

உருக்கும்போதும் தகடடிக்கும்போதும் அராவும்போதும் மெருகிடும்போதும் வெள்ளியின் எடையில் குறைவது எதுவோ, அதற்குச் சேதாரம் என்று பெயர். வெள்ளித் தொழிலில் வேலைக்குச் சேரும் பையன் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் அது ஒன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தராசில் ஏறி இறங்குகிறது. கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, இடையில் குறைந்தது, அதில் அனுமதிக்கப்பட்டது எவ்வளவு என்று நோட்டில் நாலு பத்தி. கால் கிராம் கூடுதலாகக் குறைந்தால் கேள்வி வரும். அதே வெள்ளியைக் கொலுசாக்க எரிந்த கரிக்கும், கேஸுக்கும், மோட்டார் இழுத்த மின்சாரத்துக்கும் அந்த நோட்டில் இடமில்லை. மாதக் கடைசியில் அவை ஒரே தொகையாக வரும்; கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

பட்டறையில் விரயம் இரண்டு வகை. வெள்ளி குறைந்தால் அது எங்கோ தரையிலோ சாம்பலிலோ தண்ணீரிலோ கிடக்கிறது. தேடினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். வெப்பம் குறைந்தால் அது கூரை வழியாகப் போய்விட்டது. எந்தச் சல்லடையாலும் அதை அரித்தெடுக்க முடியாது. திரும்பக் கிடைப்பதற்குத் தராசும், கிடைக்காததற்கு அலட்சியமும் என்று தொழில் பழகிப்போனது ஒரு விசித்திரம்தான்.

செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை இது. லீ பஜார் பக்கம் மளிகை, பருப்பு மண்டிகள். அவற்றின் பின்னால் கிளைக்கும் சந்துகளில் வெள்ளிப் பட்டறைகள். அங்கிருந்து குகை, அன்னதானப்பட்டி, மணியனூர், சிவதாபுரம், பனங்காடு, அரியாகவுண்டம்பட்டி வரை தொழில் பரவியிருக்கிறது. கோலாப்பூர் அருகிலுள்ள ஹுபரி, ஆக்ரா, ராஜ்கோட் ஆகிய ஊர்களோடு போட்டி போட்டுக்கொண்டு சேலம் கொலுசு வடக்கே போகிறது. ஒரே கூரையின் கீழ் எல்லாம் நடக்கும் தொழிற்சாலை இங்கே குறைவு. உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது வேறிடம், அச்சில் வெட்டுவது மூன்றாமிடம், மணியும் சலங்கையும் பற்றவைப்பது வீடுகளில், மெருகு இன்னொரு பட்டறையில். கிலோவுக்கு இவ்வளவு கூலி, இவ்வளவு சேதாரம் என்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பேச்சு. ஆகவே மின்சாரத்தையும் கேஸையும் மிச்சம் பிடிப்பது என்பதும் இங்கே ஒரு முதலாளியின் தீர்மானத்தால் நடந்துவிடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு கைகளின் பழக்கம் அது.

உருக்கிலிருந்து தொடங்கலாம். சுத்த வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ வெள்ளியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 219 கிலோஜூலும், கட்டியைக் குழம்பாக்க இன்னொரு 105 கிலோஜூலும் ஆகும். இரண்டும் சேர்ந்து 324. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். அதாவது விரயமே இல்லாத உலை ஒன்று இருந்தால் ஒரு யூனிட்டில் 11 கிலோ வெள்ளியை உருக்கிவிடலாம். கேஸில் சொன்னால் கிலோவுக்கு 7 கிராம் போதும். மரக்கரியில் 11 கிராம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு. நடப்பில் கரி கூடைக்கணக்கில் போவது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் வெள்ளிக்குள் போனது மிகச் சொற்பம். மீதியெல்லாம் உலைச் சுவரையும் வெள்ளி உருகும் பாத்திரமான மூசையையும் காற்றையும் உருக்குபவரின் முகத்தையும் சுடவைக்கப் போயிருக்கிறது.

இந்த இழப்பில் பெரியதும் தடுக்க எளியதும் உலையின் வாய். 1000 டிகிரியில் இருக்கும் உலைக்குப் பத்து சென்டிமீட்டர் அகல வட்ட வாய் என்று வைத்துக்கொண்டால், மூடியில்லாதபோது வெப்பக்கதிராக மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெளியேறும். காற்றோடு போவது தனி. ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு யூனிட். மேலே சொன்ன கணக்கில் 11 கிலோ வெள்ளிக்கான நெருப்பு. இதற்கு மருந்து ஓர் உடைந்த நெருப்புச் செங்கல். அதை வாயில் சாய்த்து வைத்தாலே போதும். ஆனால் மூடிய உலைக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாது என்பது உருக்குபவரின் வாதம். குழம்பு தெளிந்ததா, இன்னும் கட்டி மிதக்கிறதா என்று கண் பார்த்துப் பழகியவர் அவர். செங்கலின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டதும் வாதம் தீர்ந்தது. அந்த ஓட்டை வழியாகத் தெரியும் வெளிச்சத்தின் நிறமே சூட்டைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது சுவர். கனமான நெருப்புச் செங்கல் முதலில் தான் சூடேறிக்கொண்டுதான் வெள்ளியைச் சூடேற விடும். காலையில் முதல் மூசை உருக எடுக்கும் நேரமும் கரியும் அதற்குப் பின் வரும் மூசைகளைவிட எப்போதும் அதிகம். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, விளக்கு வைத்தபின் ஒன்று என்று உருக்கும் பட்டறை முதல் உருக்கின் செலவை மூன்று முறை கட்டுகிறது. துண்டு துணுக்குகளைச் சேர்த்து வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அடுத்தடுத்து மூசை ஏற்றினால் அதே வேலைக்கு நெருப்பு கணிசமாகக் குறையும். இதற்கு ஒரு பைசா முதலீடு வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று நாள் வெள்ளி துண்டாகவே தேங்கிக் கிடக்க வேண்டும். வெள்ளி தேங்கினால் வட்டி ஓடும். வட்டிக் கணக்கு பட்டறைக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம், கரிக் கணக்கு தெரியாது. அதனால்தான் இந்தச் சுலபமான வழி பல இடங்களில் நடப்பதில்லை. லேசான காப்புச் செங்கலும் பீங்கான் இழைப் போர்வையும் சுவருக்குள் வைத்த உலைகள் பிற்பாடு வந்தன. அவை சீக்கிரம் சூடேறும், சுவர் குடிப்பது குறைவு. ஆனால் இடுக்கி பட்டால் உதிரும். அவசரக்காரர் கையில் அந்தப் போர்வை நாள்படாது.

மின்தூண்டல் உலை இதில் பெரிய பாய்ச்சல். மூசையைச் சுற்றிய செம்புச் சுருளில் அதிர்வெண் கூடிய மின்சாரம் ஓடி, வெப்பம் கிராஃபைட் மூசையிலும் வெள்ளியிலுமே பிறக்கிறது. உருக்குபவர் பக்கத்தில் சாதாரணமாக நின்றுகொண்டிருக்கலாம். சில நிமிடங்களில் வேலை முடிந்து அணைத்துவிடலாம். கரி உலையின் புகையும் சாம்பலும் இல்லை. ஆனால் சுருளைக் குளிர்விக்கும் தண்ணீர் நின்றால் கருவி போய்விடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் சந்துகளில் மின்சுற்றுப் பலகை எரியும். வாங்கிய பின் இரண்டு முறை பழுதாகி, மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் உலைகளும் உண்டு. கருவி வாங்குவதற்கு முன்னால் சந்தில் வரும் மின்னழுத்தத்தை ஒரு வாரம் குறித்துப் பார்த்திருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதில் இன்னொரு விரயம் ஒளிந்திருக்கிறது. கொலுசுக்குப் பெரும்பாலும் சுத்த வெள்ளி போவதில்லை; செம்பு கலந்த வெள்ளி. நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதைத் தொழிலில் ‘டச்’ என்பார்கள். செம்பு சேரச் சேர உருகுநிலை இறங்கும். 92.5 டச் வெள்ளி 893 டிகிரியிலேயே முழுதும் குழம்பாகிவிடும். 72 டச் அளவில் அது 779 டிகிரி, அதுதான் இந்தக் கலவையின் மிகத் தாழ்ந்த உருகுநிலை. சுத்த வெள்ளிக்குப் பழகிய கை எழுபது டச்சுக்கும் அதே சூட்டைக் கொடுக்கிறது. ஏறத்தாழ இருநூறு டிகிரி வெட்டிச் செலவு. அதோடு முடிவதில்லை. உருகிய வெள்ளி தன் கன அளவைப்போல இருபது மடங்கு ஆக்சிஜனை விழுங்கக்கூடியது. இறுகும்போது அதை வெளியே துப்பும். அளவுக்கு மீறிக் காய்ந்த குழம்பை ஊற்றினால் கட்டிக்குள் நுண்குமிழிகள் தங்கும். அது அப்போது தெரியாது. தகடாக நீட்டி, இளக்கக் காய்ச்சும்போது மேலே கொப்புளமாக எழும்பும். கொப்புளம் கண்ட தகடு திரும்ப உலைக்குத்தான். உருக்கு, வார்ப்பு, தகடடிப்பு, காய்ச்சல் என்று அதுவரை செலவான நெருப்பு மொத்தமும் போச்சு. குழம்பின் மேல் ஒரு கரித்துண்டைப் போட்டு வைப்பது பழைய வழக்கம். அது ஆக்சிஜனைத் தான் எடுத்துக்கொண்டு எரிந்துவிடும். பெரியவர்கள் காரணம் சொல்லாமல் செய்தார்கள். காரணம் தெரியாததால் அடுத்த தலைமுறை விட்டுவிட்டது.

மூசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் மூசைக்குக் ‘குகை’ என்றும் ஒரு பெயர் உண்டு. பக்கத்துப் பேட்டையின் பெயரோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். புது கிராஃபைட் மூசை ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். அதை மெல்லச் சூடேற்றி ஈரம் போக்கிய பிறகே செக்கச்சிவந்த சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பட்டறையில் தீபாவளிச் சரக்கு அவசரத்தில் புது மூசையை நேராக நெருப்பில் இறக்கிவிட்டார்கள். பக்கவாட்டில் முடி அளவு விரிசல். ஊற்றத் தூக்கும்போது அது வாயைத் திறந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் வெள்ளி உலையின் அடிச்சாம்பலில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை என்பதே பெரிய காரியம். சாம்பலை அள்ளிச் சலித்து, கழுவி, திரும்ப உருக்கியபோது சில கிராம் தவிர எல்லாம் வந்துவிட்டது. வெள்ளி கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. அதற்குப் போன இரண்டு நாள் வேலையும், இரண்டாவது உருக்கின் கரியும், ஆள் கூலியும் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

மூசைக்குள் போகும் துண்டுகளைப் பிரித்து வைப்பதும் முக்கியம். பற்றவைக்கும் பொடியில் வெள்ளியோடு துத்தநாகம் கலந்திருக்கும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் உலோகம். வெள்ளி உருகவே 962 வேண்டும். பற்றவைத்த இடங்கள் உள்ள உடைசல் கொலுசுகளைச் சுத்தக் கம்பித் துண்டுகளோடு சேர்த்து உருக்கினால், மூசையின் வாயிலிருந்து வெண்பஞ்சுபோல ஒன்று கிளம்பி மிதக்கும்; கை நீட்டினால் ஒட்டும். எடையில் காணாமல் போனதில் ஒரு பங்கு அதுதான். உருக்கியவரை யாரும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு மாலையில் குளிர்காய்ச்சல் அடிக்கும், மறுநாள் போய்விடும்; சளி என்று நினைத்துக்கொள்வார்கள். முன்பு பொடியில் காட்மியமும் சேர்த்தார்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது, மறுநாள் போய்விடும் சங்கதி அல்ல. எனவே டப்பாக்கள் நாலு: சுத்தக் கம்பித் துண்டு ஒன்றில், பற்றவைத்த உடைசல் ஒன்றில், அரப்பொடி ஒன்றில், தரைக்குப்பை ஒன்றில். சுத்தத் துண்டை வெண்காரம் தூவி நேரே உருக்கிக்கொள்ளலாம். அரப்பொடியில் காந்தத்தை ஓட்டினால் அரத்திலிருந்து உதிர்ந்த இரும்பு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் சுத்தமாக இருந்ததையும் சேர்த்துச் சுத்தி செய்ய வேண்டி வருகிறது. நாலு டப்பாவுக்கு ஆகும் செலவு டீச் செலவு.

வார்த்த கட்டி தகடு மில்லுக்கோ கம்பி மில்லுக்கோ போகிறது. மில்லின் மோட்டார் பெரும்பாலும் 5 குதிரைத்திறன். முழுச் சுமையில் மணிக்கு நாலரை யூனிட் அளவுக்கு இழுக்கும். ஆனால் முழுச் சுமையில் அது ஓடும் நேரம் குறைவு. கட்டி ஒருமுறை உருளைக்குள் போய்வரச் சில விநாடிகள். அடுத்து இடைவெளியைத் திருகி, அளந்து, அடுத்த கட்டியைத் தேடி எடுக்கும்வரை மோட்டாரும் பெல்ட்டும் பல்சக்கரமும் சும்மா சுழல்கின்றன. சும்மா ஓடும் மோட்டாருக்குச் சத்தம் உண்டு. பட்டறையில் சத்தம் கேட்டால் வேலை நடப்பதாக அர்த்தம். முதலாளி தெருமுனையில் வரும்போதே மில்லைப் போட்டு வைக்கும் வழக்கம் இதனால் வந்ததுதான். ஐஇ3 என்ற உயர்திறன் தர மோட்டார் வாங்கச் சொல்லி விற்பனையாளர் வருவார். பழைய ஐஇ1 மோட்டாரின் திறன் சுமார் 83 சதவீதம், புதியது 88. நாளெல்லாம் ஓடும் ஆலையில் அந்த ஐந்து சதவீதம் பெரிய காசு. நாளைக்கு இரண்டு மணி நேரம் உண்மையான வேலை பார்க்கும் கொலுசுப் பட்டறையில், கட்டிகளை எல்லாம் சேர்த்துக் காய்ச்சி வைத்து, ஒரே இடைவெளியில் எல்லாவற்றையும் ஓட்டி முடித்துவிட்டு மில்லை அணைப்பது அதைவிட லாபம். எரிந்த மோட்டாரைத் திரும்பத் திரும்பச் சுற்றி ஓட்டுவதுதான் தவறு. பழைய கம்பியை எடுக்க இரும்புத் தகடுகளை நெருப்பில் காட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றலுக்கும் மோட்டார் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கப் பழகிவிடுகிறது.

கம்பியச்சில் இழுக்க இழுக்க வெள்ளி இறுகும், இறுகினால் அறும். அதைத் திரும்ப இளக்கக் காய்ச்ச வேண்டும். அச்சின் எத்தனை கண்ணுக்கு, அதாவது துளைக்கு, ஒருமுறை காய்ச்சுவது என்பதில்தான் கைதேர்ந்தவரும் புதியவரும் பிரிகிறார்கள். 3 மில்லிமீட்டர் கம்பி 2 மில்லிமீட்டர் ஆகும்போது குறுக்குவெட்டில் ஏறத்தாழ 56 சதவீதம் குறைந்துவிடும். நல்ல கம்பி அதுவரை ஒரே காய்ச்சலில் தாங்கும். பயந்த கை அதற்குள் மூன்று முறை காய்ச்சியிருக்கும். ஒவ்வொரு காய்ச்சலிலும் கேஸ் போவதோடு மேல்பரப்பில் செம்பு கறுக்கும், அதை அமிலத்தில் எடுக்க வேண்டும், எடுக்கும்போது எடை குறையும். தேவையில்லாத நெருப்பு இப்படித் தேவையில்லாத சேதாரத்தையும் கையோடு கூட்டி வருகிறது. காய்ச்சும் பதம் மங்கிய சிவப்பு, 600 முதல் 650 டிகிரி. நல்ல வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது பதம் தாண்டியிருக்கும். அதனால் காய்ச்சும் மூலை மட்டும் இருட்டாக இருக்க வேண்டும். பட்டறை முழுக்கப் பளிச்சென்று எல்இடி போட்ட ஒருவர், காய்ச்சலில் கம்பி இளகி வளைவதாகக் குறைபட்டார். அந்த மூலைக்கு மேலிருந்த விளக்கை எடுத்ததும் சரியானது. விளக்கைக் குறைத்தால் கேஸும் மிச்சமாகும் இடம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

தகட்டிலிருந்து அச்சில் வெட்டும் வேலையில் வடிவக்கணக்கு பேசுகிறது. வட்டப் பூக்களை நேர்வரிசையில் நெருக்கி வெட்டினால் தகட்டின் பரப்பில் அதிகபட்சம் 78.5 சதவீதம் பூவாகும். ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசையைத் தள்ளி, தேன்கூடுபோல அமைத்தால் 90.7 சதவீதம் வரை போகலாம். ஓரங்களுக்கு விடுவதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரியது. வெட்டி முடித்த சல்லடைத் தகட்டைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. ‘உருக்கினால் வெள்ளிதானே’ என்பது பதில். உண்மைதான். ஆனால் சல்லடையாக மிஞ்சிய அந்த 21 சதவீதம் ஏற்கெனவே ஒருமுறை உருகி, நீண்டு, காய்ந்து வந்தது. திரும்பப் போனால் எல்லாம் மறுபடி. பூச்செண்டு, மாங்காய், அரும்பு என்று ஒழுங்கற்ற வடிவங்களில் இது இன்னும் மோசம். அங்கே அட்டையில் வெட்டித் தகட்டின் மேல் அடுக்கிப் பார்த்துக்கொண்டு அச்சை இறக்குபவர் கெட்டிக்காரர்.

பற்றவைக்கும் வேலை வீட்டுக்குள் நடப்பது, பெண்கள் அதிகம். கொக்கி, மணி, சலங்கை, திருகாணி ஒவ்வொன்றையும் இடத்தில் வைத்து, பொடி தூவி, சுடரைக் காட்டி, அடுத்ததை எடுக்கும்வரை சுடர் சும்மா எரிகிறது. கையில் எடுத்தால் பெரிதாகவும் தாங்கியில் வைத்தால் முத்துச்சுடராகவும் மாறும் விசை வைத்த ஊதுகுழல்கள் உண்டு. 19 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று தேதி குறித்துப் பார்த்தால் அந்தக் குழலின் விலை எப்போது திரும்புகிறது என்பது தெரியும். இந்த வேலைக்கு மின்விசிறி ஆகாது. காற்றுப் பட்டால் சுடர் ஆடும், பொடி பறக்கும். எனவே சித்திரை வெயிலிலும் விசிறியை அணைத்துவிட்டு உட்காருகிறார்கள். மின்சாரச் சிக்கனம் என்றால் விசிறியை நிறுத்தச் சொல்வது வழக்கம். இங்கே அந்த உபதேசத்துக்கு வேலையில்லை. கூரையடியில் சூட்டை வெளியேற்றும் திறப்பு ஒன்று, எதிர்ச்சுவரில் தரையோரம் காற்று நுழையும் திறப்பு ஒன்று இருந்தால் சுடர் ஆடாமல் வெக்கை இறங்கும். விளக்கில் லாபம் நேரடியானது. பழைய 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு 20 வாட் எல்இடி போதும். விளக்கை ஆளின் தலைக்கு மேல் தொங்கவிடாமல் வேலைப் பலகைக்கு மேல் தாழ இறக்கினால் அதிலும் பாதி போதும்.

மின்சாரத்தை எடை போட முடியும் என்று இந்தத் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தது பவர்கட். தமிழ்நாட்டில் 2008 நவம்பரில் தொடங்கிய மின்கட்டுப்பாடு 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னை தவிர்த்த ஊர்களில் பாதி நாளுக்கு மின்சாரம் இருக்காது. பட்டறைகளில் டீசல் ஜெனரேட்டர் வந்தது. ஒரு லிட்டர் டீசலுக்குச் சிறிய ஜெனரேட்டர் மூன்று, மூன்றரை யூனிட் தரும். அன்றைய டீசல் விலையில் யூனிட் பதினைந்து ரூபாய்க்கு வந்து நின்றது. அதைவிட முக்கியம், டீசல் கேனில் வந்தது. காலையில் எவ்வளவு இருந்தது, மாலையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அதுவரை மில்லை நாளெல்லாம் ஓட்டியவர்கள் கட்டிகளைச் சேர்த்து வைத்து ஒரு மணி நேரத்தில் ஓட்டி முடித்தார்கள். கேன் காலியாகும் வேகத்தைப் பார்த்த பையன் சொல்லாமலே விளக்கை அணைத்தான். மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஜெனரேட்டரோடு அந்தப் பழக்கமும் சாக்கு மூடிப் போனது.

மெருகுக் கட்டத்தில் விரயம் தண்ணீராக ஓடுகிறது. பழைய முறையில் புளியும் பூந்திக்கொட்டையும் பித்தளைக் கம்பித் தூரிகையும். பிற்பாடு எஃகுக் குண்டுகளோடு உருளும் பீப்பாய் வந்தது. குண்டு வெள்ளியைச் சுரண்டாமல் அமுக்கிப் பளபளப்பாக்குவதால், சக்கரத்தில் தேய்ப்பதைவிடச் சேதாரம் குறைவு. கறுப்பெடுக்கும் அமிலத்தில் செம்பும் கொஞ்சம் வெள்ளியும் கரையும். தொட்டியிலிருந்து எடுத்த கொலுசை ஓடும் குழாயில் காட்டினால் ஒட்டியிருக்கும் அமிலமும் வெள்ளியும் நேராகச் சாக்கடைக்கு. முதலில் நின்ற தண்ணீர் உள்ள வாளியில் ஒருமுறை, பிறகு இரண்டாவது வாளியில், கடைசியில் குழாயில் என்று அலசினால் பெரும்பகுதி முதல் வாளியிலேயே தங்கும். ஆவியாகிக் குறையும் அமிலத் தொட்டிக்கு அந்த வாளித் தண்ணீரே நிரப்பு. வெள்ளி முலாம் போடும் இடங்களில் சயனைடு உப்பு இருக்கும். அதன் அலசுநீரும் அமில அலசுநீரும் ஒரே தொட்டியில் கூடவே கூடாது. சேர்ந்தால் எழும் வாயு ஆளைக் கொல்லும்.

நைட்ரிக் அமிலத்தில் கரைந்த வெள்ளியைத் திரும்ப எடுப்பது பேட்டையில் பலருக்குத் தெரிந்த வித்தை. உப்பைப் போட்டால் தயிர்போல வெள்ளையாக இறங்கும். செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் சாம்பல் நிறச் சேறாக வெள்ளி தகட்டில் படிய, அதற்கு ஈடாகச் செம்பு கரையும். ஒரு கிலோ வெள்ளி இறங்க 295 கிராம் செம்பு. மிஞ்சுவது நீலத் தண்ணீர். வெள்ளி வந்துவிட்டதால் அதற்குப் பிறகு யாருக்கும் அதில் அக்கறை இல்லை. சந்தின் சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றுக்குப் போகிறது. சேர்வராயன் மலைப்பக்கம் பிறந்து சேலத்தைக் கடந்து நாமக்கல் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு அது. நீலத் தண்ணீரில் பழைய ஆணிகளைப் போட்டால் செம்பும் சிவப்பாக இறங்கிவிடும். பிறகு சுண்ணாம்பு கலக்கி வண்டலைத் தனியே எடுத்து வைக்கலாம். சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் தங்கள் குச்சிக்கிழங்குக் கழிவுநீரை மூடிய குளங்களில் புளிக்கவிட்டு, அந்த வாயுவையே எரிக்கப் பழகிவிட்டன. அந்தத் தண்ணீர் ஊர் முழுக்க நாறும், ஊர் கேட்டது. நீலத் தண்ணீருக்கு நாற்றமில்லை.

யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வியும் இதோடு பின்னிக் கிடக்கிறது. சேதாரம் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தபின், அதைவிடக் குறைவாகச் சேதாரம் காட்டும் தொழிலாளிக்கே மிச்சம் சொந்தம்; ஆகவே அவர் தரையைத் துடைத்துச் சேர்க்கிறார். கேஸும் மின்சாரமும் பட்டறைக்காரர் செலவாக இருந்தால் அவற்றைச் சேமிக்கத் தொழிலாளிக்கு ஒரு காரணமும் இல்லை. வீட்டு வேலையில் நேர் எதிர்: சிலிண்டர் தொழிலாளியுடையது, கூலி கிலோக் கணக்கு, அங்கே சேமிக்கக் காரணம் உண்டு. ஒரு பட்டறையில் கேஸையும் சேதாரம்போலக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, மிச்சத்தில் பாதியைச் சுடர் பிடிப்பவருக்கே கொடுத்தார்கள். இரண்டாம் மாதமே சிலிண்டர் கூடுதல் நாள் வந்தது. பட்டறைக்காரர் அளவை இறுக்கிக்கொண்டே போனதும் ஏற்பாடு முறிந்தது. அது முறிந்ததற்குத் தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது. வீட்டு மீட்டரும் பட்டறை மீட்டரும் ஒன்றாக இருக்கும் இடங்களில் கிரைண்டர் எது, மில் எது என்று பிரிக்கவே முடியாது. பட்டறைக்கு உரிய இணைப்பு வாங்குவதே முறை. அதன்பின் மில்லுக்கு ஒன்று, உலைக்கு ஒன்று என்று துணை மீட்டர் வைத்தால் நோட்டில் வெள்ளிக்குப் பக்கத்தில் யூனிட்டும் ஒரு பத்தியாக ஏறும். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று அந்தப் பத்தி மாதாமாதம் சொல்லும். ஏறினால் எங்கோ பெல்ட் வழுக்குகிறது, அல்லது மூடி உடைந்துவிட்டது.

கடைசியாகத் தரை. 2000-களின் தொடக்கத்தில் வெள்ளி கிலோ பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே. 2011-இல் எழுபதாயிரத்தைத் தாண்டியது. 2024-இல் ஒரு லட்சத்தைத் தொட்டு, அடுத்த ஆண்டு அதையும் கடந்து ஓடியது. பத்து ரூபாய் பெறாத கிராம் நூறைக் கடந்தபின் துடைப்பத்துக்கே மரியாதை கூடிவிட்டது. வழவழப்பான தரை, வாசலில் கால் துடைக்கும் சாக்கு, கை கழுவத் தனித் தொட்டி, தலையில் கட்டிய துண்டைப் பட்டறையிலேயே உதறிவிட்டுப் போவது. ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கை பார்க்கப் பட்டறை மூடும் முன்னாலோ, ஆயுத பூஜைக்கு முந்திய வாரமோ, பெரிய துப்புரவு நடக்கிறது. சாக்கையும் தேய்ந்த தூரிகையையும் உட்காரும் பாயையும் எரித்துச் சாம்பலை எடுக்கிறார்கள். கழுவுதொட்டியின் அடிவண்டலை வெயிலில் காயவைக்கிறார்கள். தேய்ந்த மூசைகளை இடித்துத் தூளாக்கிச் சலிக்கிறார்கள். மூசைச் சுவர் குடித்த வெள்ளி கடுகளவு மணிகளாகச் சல்லடையில் நிற்கும். மண் கழுவுகிறவர்கள் வந்து தரைக்குப்பையைப் படியில் அளந்து விலை பேசுகிறார்கள். வாசலுக்கு வெளியே சாக்கடையில் படிந்த மண் அவர்களுக்கே இனாம். உலையைப் பிரித்தால் உள்வரிசைச் செங்கல்களில் இரண்டொன்று கறுத்துப் பிளந்திருக்கும். அவற்றையும் இடித்துப் பார்த்துவிட்டு, புதுச் செங்கல் அடுக்கி, களிமண் பூசி, நிழலில் ஆறவிடுகிறார்கள். ஈரம் வற்ற மூன்று நாளாவது வேண்டும். அதற்குமுன் பற்றவைத்தால் முதல் நாள் கரி முழுதும் அந்த ஈரத்தைப் போக்கவே எரியும்.